குளவிக்கும் ஒரு குறி வேண்டும்

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, பூச்சி மருந்து விற்கும் கடையொன்றில் சிறிது நேரம் அமர்ந்திருக்க நேர்ந்தது. கரும்பு பயிரிடும் முதியவர் ஒருவர் அங்கு வந்தார். இடைக்கணுப் புழுவை அடக்கத் தம் தோட்டத்தில் முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டி நான்கு நாள் ஆயிற்றென்றும், இதற்கிடையில் வேறொரு பூச்சி தோன்றியிருப்பதால் மருந்தடிக்க வேண்டியிருக்கிறதென்றும் கூறி, "தம்பி, இதை அடித்தால் அட்டையிலே இருக்கிற குளவி செத்துப் போகுமா?" என்று வினவினார். கடைக்காரர் புட்டியைத் திருப்பி அதன்மேல் அச்சிட்டிருந்த முக்கோணத்தைக் காட்டினார். "நீலந்தான் பெரியவரே; சிவப்புமில்லை, மஞ்சளுமில்லை. பயமில்லாமல் அடியுங்கள்" என்றார். முதியவரும் மனநிறைவோடு வாங்கிச் சென்றார்.

அவ்விருவரில் எவரும் பொய்யுரைத்தாரல்லர். எனினும் கேட்ட வினா குளவியைப் பற்றியது. கிடைத்த விடையோ எலியைப் பற்றியது. இஃது எங்ஙனம் என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

நம் நாட்டில் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தைப் பின்பற்றி 1971இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஒவ்வொரு புட்டியின்மேலும் ஒரு நிறக்குறி இருத்தல் வேண்டும். சோதனைப் பிராணிகளுக்கு, பெரும்பாலும் எலிகளுக்கு, மருந்தை வாய்வழியாகக் கொடுத்து, அவற்றுள் பாதி மடிவதற்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு எத்தனை மில்லிகிராம் வேண்டியிருக்கிறதென்று கணக்கிடுவர். 50 மில்லிகிராமுக்கு உட்பட்டால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கும் மேற்பட்டால் பச்சை. தோலின் வழியே ஏறும் நஞ்சுக்கும் இவ்வாறே ஓர் அளவு உண்டு. மருந்தைக் கையாளும் மனிதனின் உயிரைக் காத்தற்பொருட்டு ஏற்பட்ட ஏற்பாடு இது. எழுத்தறியாதவரும் நிறத்தை அறிவராதலின் இதனினும் சிறந்த ஏற்பாட்டைச் சொல்லுதல் அரிது. இதனைக் குறைகூறுவது என் கருத்தன்று. இக்குறி சொல்லாத ஒன்றை அது சொல்வதாக நாம் எண்ணிக்கொள்வதே என் வருத்தம்.

பூச்சியினத்தில் நமக்கு நண்பரும் உளரோ என ஐயுறுவார் இன்னும் சிலர் உளர். அம்முதியவரின் அட்டையையே எடுத்துக்கொள்வோம். அஞ்சல் அட்டையினும் சிறிய அத்தாளின்மேல் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள் ஆயிரக்கணக்கில் தூவி ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு முட்டையின் உள்ளும் டிரைக்கோகிரம்மா என்னும் குளவியின் குஞ்சு வளர்ந்துகொண்டிருக்கும். குளவி என்றதும் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுவதை நினைத்தல் வேண்டா. இதன் நீளம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இவ்வரியின் இறுதியிலுள்ள முற்றுப்புள்ளியோடு ஒப்பிடத்தக்கது. அது வெளிவந்து, இடைக்கணுப் புழுவின் தாய் அந்து இலைமேல் இட்ட முட்டைகளைத் தேடிப்பிடித்து, அவற்றுள் தன் முட்டையை வைத்துவிடும். புழு பிறப்பதற்கு முன்னரே அதன் கதை முடிந்துவிடும். கரும்பின் கணுவுக்குள் புழு புகுந்தபின் எம்மருந்தும் அதனை எளிதில் எட்டுவதில்லை. ஆகவே அக்கடையிலிருந்த விலையுயர்ந்த புட்டி எதனாலும் செய்ய இயலாத பணியை இவ்வற்பப் பிராணி செய்துவருகிறது.

இத்தகைய நண்பரை அறியாமற் கொன்றால் என்ன நேரும் என்பதற்குக் கலிபோர்னியாவில் நிகழ்ந்ததைப்போன்ற தெளிவான சான்று வேறில்லை. அந்நாட்டு எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சு போர்த்தாற்போன்ற ஒரு செதிற்பூச்சி 1880களில் அழித்துவந்தது. மரங்களை வெட்டி எரித்தவரும் உண்டு. அச்செதிற்பூச்சியின் தாயகமான ஆஸ்திரேலியாவுக்கு ஆல்பர்ட் கோபெலே என்பவர் அனுப்பப்பட்டார். அவர் அதனைத் தின்னும் வெடாலியா என்னும் செந்நிறப் பொறிவண்டைக் கண்டு கப்பலில் அனுப்பினார். 1888ஆம் ஆண்டின் இறுதி முதல் அடுத்த சனவரி வரை வந்துசேர்ந்தவை 129 வண்டுகளே. 1889ஆம் ஆண்டு முடிவதற்குள் செதிற்பூச்சி அடங்கிவிட்டது. நம் நீலகிரிக்கும் இவ்விரண்டும் பின்னர் வந்தன. 1920களின் இறுதியில் அங்குச் சீகை மரங்களில் அச்செதிற்பூச்சி காணப்பட்டபோது, அதே பொறிவண்டை வரவழைத்து விட்டார்கள்.

கலிபோர்னியாவில் அவ்வண்டு ஏறக்குறைய அறுபது ஆண்டு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதனை நினைப்பாரும் இல்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1940களின் பிற்பகுதியில், வேறு பூச்சிகளைக் கொல்வதற்காக அத்தோட்டங்களில் டி.டி.டி. தெளித்தனர். மருந்து பொறிவண்டைக் கொன்றது. செதிற்பூச்சியையோ அவ்வளவாகத் தீண்டவில்லை. மறக்கப்பட்டிருந்த பஞ்சுப்போர்வை மரங்களின்மேல் மீண்டும் ஏறிற்று. டி.டி.டி.யை நிறுத்தி வண்டைத் திரும்ப விட்டபின்னரே அது தணிந்தது. களைகளின் உவமையை நம் கல்லூரியில் கேளாதவர் இலர். களையைப் பிடுங்கப் புகுந்தால் கோதுமையும் உடன் வருமென்று அங்கு வீட்டெஜமான் தடுத்தான். தோட்டக்காரரைத் தடுப்பார் ஒருவரும் இல்லை.

நிற்க. ஒரு மருந்து குளவியையும் வண்டையும் என்செய்யும் என்பதைத் தோட்டம் அழிந்தபின்னரே அறிதல் வேண்டுமென்பதில்லை; முன்னரே சோதித்தறியலாம். இதற்கென உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேச அமைப்பின் மேலை ஐரோப்பியப் பிரிவில் 1974இல் ஒரு குழு அமைந்தது. செருமனியில் தார்ம்ஸ்டாட் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஷெரிப் ஹஸன் என்பவர் அதன் பணியில் முதன்மையாக நின்றவர். அவரும் பிற நாட்டினரும் வகுத்த முறை மிக எளிதாதலின், அதன் எளிமையைக் காட்டுவதற்காகவே ஈண்டு விரித்துரைக்கிறேன்.

சதுரக் கண்ணாடித் தகடுகள் வேண்டும். வயலில் அடிக்கும் அளவுகளுள் மிக்க அளவு எதுவோ அந்த அளவில் மருந்தை நீரிற் கலந்து, சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் நீர் படியுமாறு தகட்டின்மேல் தெளித்து உலரவிடுவர். மருந்து படிந்த முகம் உள்நோக்கி இருக்க, இரண்டு தகடுகளைச் சட்டமொன்றின் இருபுறமும் பொருத்தினால் ஒரு சிறு கூடு அமையும். சட்டத்திலுள்ள துளைகள் மெல்லிய துணியால் மூடப்பட்டிருக்கும். உள்ளே தேங்கும் ஆவி அவ்வழியே வெளியேறும். கூட்டுக்குள் குளவிகளை விட்டு, உண்பதற்குத் தேனும், முட்டையிடுவதற்கு நெல் அந்துப்பூச்சியின் முட்டைகளும் வைப்பர். டிரைக்கோகிரம்மா புகுந்த முட்டை சில நாளிற் கறுத்துவிடுமாதலின், எண்ணுவதற்கு ஓர் உருப்பெருக்கியும் பொறுமையும் போதும். வெறும் நீர் தெளித்த கூட்டில் ஒரு குளவி எத்தனை முட்டையைக் கறுக்கச் செய்தது, மருந்துக் கூட்டில் எத்தனை என ஒப்பிடுவர். குறைவு நூற்றுக்கு 30க்கு உட்பட்டால் அம்மருந்து தீங்கற்றது. 30 முதல் 79 வரை சிறிது தீங்குடையது. 80 முதல் 99 வரை நடுத்தரத் தீங்குடையது. அதற்கும் மேற்பட்டால் தீயது. இவற்றுக்கு முறையே 1, 2, 3, 4 என எண்ணிட்டனர். வெறும் நீர்க் கூட்டிலேயே குளவிகள் நன்கு வேலை செய்யவில்லையாயின் அச்சோதனை முழுவதையும் தள்ளிவிட வேண்டும். மாணவர்கள் மனங்கொள்ளற்குரிய விதி இது.

'கண்ணாடியின்மேல் அடைபட்ட பூச்சி தப்பியோட இடமின்றிச் சாகிறது; வயலிலோ இலையின் அடிப்புறம் உண்டு, காற்றுண்டு, மழையுண்டு. ஆதலால் இச்சோதனை வயலுக்குப் பொருந்தாது' என்று கூறுவாரும் உளர். அவர் கூற்றின் முற்பகுதி உண்மை, பிற்பகுதி பிழை. கண்ணாடித் தகடு கொடுமையான இடமென்பதை அறிந்தே அதனைத் தெரிந்தெடுத்தனர். அக்கொடுமையிலும் பிழைத்த பூச்சி வயலிலும் பிழைக்கும். ஆகவே அங்குத் தீங்கற்றதென்று கண்ட மருந்தை மேலும் சோதிக்க வேண்டியதில்லை. அங்குத் தீயதென்று கண்டதை மட்டும் உடனே குற்றவாளியாக்காமல், இலைமேலும், வலைக்கூண்டிலும், இறுதியில் வயலிலும் படிப்படியாகச் சோதிப்பர். அதாவது, ஆராய்ச்சிச் சாலைக்கு விடுதலை செய்யும் அதிகாரம் உண்டு. தண்டனை விதிக்கும் அதிகாரம் வயலுக்கே உரியது. இந்நெறி நியாயமானதென்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் அவ்விடுதலை நீதிபதி கேட்ட கேள்விகளைப் பொறுத்தது. வெடாலியா வண்டுக்கு இரண்டாம் முறை நேர்ந்த கேடு இதனை நன்கு காட்டும். 1990களில் பைரிபிராக்சிபென், புப்ரோபெசின் என்னும் புதிய மருந்துகள் எலுமிச்சையினத் தோட்டங்களுக்கு வந்தன. இவை நரம்பைத் தாக்கும் பழைய நஞ்சுகளைப் போல்வன அல்ல. பூச்சி வளர்ந்து தோலுரித்து உருமாறுவதைக் குலைப்பவை. வளர்ந்து முடிந்த வண்டு இவற்றின்மேல் நடந்தாலும் சாவதில்லை. இறந்தவற்றை மட்டும் எண்ணுபவர் அவ்வண்டைப் பார்த்து மருந்து தீங்கற்றதென்றே எழுதுவார். ஆனால் அவ்வண்டு இட்ட முட்டை பொரிக்கவில்லை. பொரித்த புழு வண்டாகவில்லை. முதலில் தென்னாப்பிரிக்காவிலும் பின்னர்க் கலிபோர்னியாவிலும், ஒரு நூற்றாண்டுக்கு முன் அடங்கிய அதே செதிற்பூச்சி மறுபடியும் பெருகிற்று. டி.டி.டி. வண்டைக் கொன்றது, இவை அதன் மக்களைப் பிறவாமற் செய்தன. தோட்டக்காரனுக்கு இரண்டும் ஒன்றே.

தேனீயின் செய்தியும் இதனோடு சேர்ந்தது. தேனீக்கென 1998இல் உலக நாடுகள் பல ஒப்புக்கொண்ட சோதனை முறை, மருந்தூட்டி 48 மணி நேரத்தில் எத்தனை மடிந்தன என்று எண்ணுவதையே அடிப்படையாகக் கொண்டது. பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் தேனீக்களின் முதுகில் நுண்ணிய அடையாளச் சில்லுகளை ஒட்டி, தயாமீதாக்சம் என்னும் மருந்தை உயிர்க்குக் கேடில்லாத அளவில் ஊட்டி, கூட்டுக்குத் தொலைவில் விட்டுப் பார்த்தனர். மருந்துண்டவற்றுள் வீடு திரும்பாதவை மிகுதியாயிருந்தன. 2012இல் இது வெளியாயிற்று. வழிதவறிய தேனீ சோதனைச்சாலைக் கணக்கில் உயிருள்ளது. கூட்டின் கணக்கில் இறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இவ்வின மருந்துகளுள் மூன்றினை 2013இல் கட்டுப்படுத்தி, 2018இல் திறந்தவெளிப் பயிர்களில் முற்றும் விலக்கியதற்கு இத்தகைய ஆராய்ச்சிகளும் துணைநின்றன.

இனி, மனிதனுக்குச் சாதுவானது குளவிக்கும் சாதுவாகவே இருக்கும் என்னும் எண்ணத்துக்கு வருவோம். கடைக்காரர் கொண்டிருந்த எண்ணம் இதுவே. படித்தவரிடத்தும் இஃது உண்டு. ஸ்பினோசாட் என்றொரு மருந்து இருக்கிறது. கரீபியத் தீவொன்றில் கைவிடப்பட்ட ரம் சாராய ஆலையின் மண்ணிலிருந்து 1982இல் எடுத்த நுண்ணுயிர் உண்டாக்குவது அது. ஆகவே இயற்கைப் பொருள் என்னும் பெருமையும் அதற்குண்டு. எலிக்கு அதன் அளவு கிலோவுக்கு 3,700 மில்லிகிராமுக்கும் மேல். அதனைப்பற்றி அதுவரை நடந்த சோதனைகளை மெக்சிகோவிலும் ஸ்பெயினிலும் பணியாற்றிய அறிஞர் மூவர் 2003இல் ஒருங்கு தொகுத்தனர். பிற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் இரைவிழுங்கிகளின்மேல் ஆராய்ச்சிச் சாலையில் நடந்த 59 சோதனைகளுள் 42இல் அது தீங்கற்றதாயிருந்தது. குளவி முதலிய ஒட்டுண்ணிகளின்மேல் நடந்த 45இலோ, 35இல் நடுத்தரத் தீங்கோ பெருந்தீங்கோ விளைத்தது. வயலையொத்த நிலையில் நடந்த 21இல் 18 அவ்வாறே முடிந்தன. கண்ணாடித் தகட்டை நம்பாதவர்கள் கடைசி எண்ணைச் சிறிது நோக்குவாராக.

ஒரே மருந்து பொறிவண்டுக்கு நண்பன், குளவிக்குப் பகைவன் என்பது இதனாற் பெறப்படும். அட்டை கட்டிய கரும்புக்காரர்க்கு வேண்டிய செய்தி இதுவே. முக்கோணத்தின் எந்நிறமும் இதனை உணர்த்தாது. தேனீயைப் பற்றிய எச்சரிக்கை சில மருந்துகளின் உறையிலுள்ள துண்டுத்தாளில் உண்டு என்பது மெய்தான். ஆனால் எறும்பின் காலளவு எழுத்தில் பலவாக மடித்த தாளை வரப்பிலே நின்று விரித்துப் படிப்பவர் எத்துணையர்?

ஆகவே நான் வேண்டுவது இதுதான். முக்கோணத்தின் அருகில், முட்டைக் குளவிக்கு ஒன்றும் பொறிவண்டுக்கு ஒன்றும் தேனீக்கு ஒன்றுமாக மூன்று சிறு படங்கள் அச்சிடப்படவேண்டும். ஒவ்வொன்றின் கீழும் 1 முதல் 4 வரையுள்ள எண்களில் உரியது நிற்கவேண்டும். மருந்தின் வீரியம் எத்தனை நாள் நீடிக்கும் என்பதும் உடன் நிற்கவேண்டும். நாட்கணக்கையும் தார்ம்ஸ்டாட் குழுவினர் முன்னரே வகுத்துவிட்டனர்: ஐந்து நாளுக்குட்பட்டது, பதினைந்து நாள் வரையிலானது, முப்பது நாள் வரையிலானது, அதற்கு மேற்பட்டது என்பன. குளவிக்கு 4 என்றிருப்பினும் ஐந்து நாளிற் போய்விடும் மருந்தாயின், உழவர் அதனை முதலில் அடித்துவிட்டு ஒரு வாரம் பொறுத்து அட்டையைக் கட்டிக்கொள்வார். மருந்தை விலக்கச் சொல்லவில்லை. முறைமாற்றிக்கொள்ள வழி கேட்கிறேன்.

இவ்வளவு நுட்பம் உழவர்க்கு விளங்குமா என்பார்க்கு மறுமொழி எளிது. அட்டையை நிழலில் வைப்பதும், குளவி வெளிப்படும் நாளறிந்து தோகையிற் கட்டுவதும் அறிந்தவர்க்கு ஓர் எண் விளங்காதா? பூச்சிக்காக அரசாங்கம் சட்டம் செய்யுமா என்பார்க்கும் மறுமொழியுண்டு. நெற்பயிரைப் புகையான் அழித்தபோது, அதனைத் தின்னும் சிலந்தி முதலியவற்றை மருந்துகளே கொன்றுவிட்டன என்று கண்டு, இந்தோனேசிய அரசு 1986இல் 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கலாகாதென விலக்கிற்று. அதனோடு ஒப்பிட, மூன்று படமும் மூன்று எண்ணும் பெரிய விண்ணப்பமன்று.

வலுவுள்ள மறுப்பு ஒன்றுண்டு. அதனை மறைத்தல் தகாது. ஐரோப்பாவில் இச்சோதனைக்கெனத் தெரிந்தெடுத்த இரு முதன்மைப் பிராணிகளுள் ஒன்று தானியப் பயிரின் அசுவினியைத் தாக்கும் குளவி. மற்றொன்று ஆப்பிள், திராட்சைத் தோட்டங்களில் வாழும் இரைதின்னிச் சிலந்திப்பேன். அவற்றின் எண்ணை நம் கரும்புக் குளவிக்கு அப்படியே எழுதலாமா? இரண்டு மூன்று மருந்துகளை ஒரே தெளிப்பானிற் கலந்தடிக்கும் நம்மவர் வழக்கத்துக்குத் தனித்தனியே சோதித்த எண் பொருந்துமா? பொருந்தாது என்பதே நேர்மையான விடை. நம் நாட்டுப் பூச்சிகளின்மேல் நம் நாட்டு வெப்பத்தில், கலப்பு மருந்துகளையும் சேர்த்துச் சோதித்தல் வேண்டும். வேளாண்மைக் கல்லூரிகளில் இத்தகைய ஆராய்ச்சிகள் பல நடந்துள்ளன; ஆயின் அவற்றின் முடிவுகள் ஆய்வேடுகளில் உறங்குகின்றனவேயன்றிப் புட்டியின்மேல் ஏறவில்லை.

இப்பணியில் நம்மைப்போன்ற கலைக்கல்லூரிகளுக்கும் இடமுண்டு. விலங்கியற் கூடத்தில் கண்ணாடித் தகட்டுக்கும் உருப்பெருக்கிக்கும் குறைவில்லை. அட்டையைச் சில ரூபாய்க்கு வாங்கலாம். அரிசி அந்துப்பூச்சியை வளர்க்கக் கம்புக் குருணையும் ஒரு தொட்டியும் போதும். ஆண்டுதோறும் கரப்பானையும் தவளையையும் அறுத்துப் படம் வரைந்த கைகள் நம்முடையவை. இறுதியாண்டு மாணவர் நால்வர், மாவட்டத்துக் கடைகளில் மிகுதியாக விற்கும் மருந்துகள் ஐந்தினை எடுத்துக்கொண்டு, ஒரு பருவம் முழுதும் கறுத்த முட்டைகளை எண்ணுவாராயின், ஐந்து எண்கள் கிடைக்கும். அவை சட்டப்படி செல்லா. பெரிய ஆராய்ச்சி நிலையம் மறுமுறை சோதித்து உறுதிசெய்ய வேண்டியவையே. ஆயினும் எண்ணுமுன் வளர்ந்த குளவியை மட்டும் சோதித்து நின்றுவிடலாகாது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சின்மேலும் மருந்தைத் தெளித்து, எத்தனை வெளிவருகின்றன என்றும், வந்தவை மறுபடி முட்டையிடுகின்றனவா என்றும் பார்த்தல் வேண்டும். அம்முதியவர் மருந்தடித்த நாளில் அவர் தோட்டத்து அட்டையில் இருந்தவை பெரும்பாலும் அந்நிலையிலேயே இருந்திருக்கும்.